கலைவாணரின் சொத்துக் கணக்கு

கைப்பேசியில் எந்த நடிகரின் பெயரைத் தட்டினாலும், அடுத்த வார்த்தையாக 'சொத்து மதிப்பு' என்று அதுவே எடுத்துக் கொடுக்கிறது. எத்தனை கோடி, எத்தனை வீடு, என்ன கார், பண்ணை வீட்டில் நீச்சல் குளம் உண்டா என்றெல்லாம் பட்டியல் வருகிறது. நாமும் படித்துவிட்டு, "அம்மாடி!" என்று ஒரு பெருமூச்சு விட்டபடி அடுப்பில் இருக்கும் பாலைப் பார்க்கப் போகிறோம்.

இதே கேள்வியைப் பழைய நடிகர் ஒருவரைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? அந்த ஆசையில் இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட பெயர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நம் தாத்தா பாட்டிகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். தமிழ் சினிமாவில் கதாநாயகனுக்குச் சமமாகக் கூட்டத்தை இழுத்த முதல் நகைச்சுவை நடிகர் என்று இவரைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அவர் கணக்கை நம் வீட்டு வரவு செலவு நோட்டு மாதிரியே போட்டுப் பார்ப்போம். வரவு என்ன, செலவு என்ன, கடைசியில் கையிருப்பு என்ன?

ஆரம்ப இருப்பு

1908 நவம்பர் 29. நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் கிருஷ்ணன். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் ஏராளம், வருமானம் சொற்பம். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். திரைக்குப் பின்னால் நடப்பதை அந்தக் கொட்டகையில்தான் பார்த்துப் பழகினார்.

ஊரில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. அதையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாட்டு, ஆட்டம், வசனம், மேடை நிர்வாகம் என்று எல்லாமே அவருக்கு அங்கே கிடைத்த படிப்பு. பட்டம் கொடுக்காத அந்தக் கல்லூரிதான் அவருடைய ஆரம்ப மூலதனம்.

1935, 36 வாக்கில் 'மேனகா', 'சதி லீலாவதி' படங்களில் திரைக்கு வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'க்கு இன்னொரு பெருமையும் உண்டு. எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் அது. பின்னாளில் அவரைச் சக்கரவர்த்தி மாதிரி கொண்டாடினார்கள். அன்றைக்கோ சின்ன வேடத்தில் வந்த இளைஞர். கிருஷ்ணனுக்கும் அவருக்கும் அப்போது ஏற்பட்ட பழக்கம், இந்தக் கணக்கின் கடைசிப் பக்கத்தில் மறுபடி வரும்.

வரவு

கிருஷ்ணனுக்குப் பணம் வந்த வழியைப் பார்த்தால், இன்றைக்கும் எந்த வணிகவியல் ஆசிரியரும் பாராட்டுவார்.

மற்ற நடிகர்கள் கதாசிரியர் எழுதியதை நடித்துவிட்டுச் சம்பளம் வாங்கிப் போனார்கள். கிருஷ்ணன் தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்தார். தனக்கென்று ஒரு குழு வைத்திருந்தார். புளிமூட்டை ராமசாமி போன்ற சக நடிகர்கள், பாட்டெழுத உடுமலை நாராயண கவி, ஜோடியாக டி.ஏ.மதுரம் என்று அமைந்த குழு அது. நகைச்சுவைப் பகுதியை இவர்களே தனியாகத் தயாரித்துக் கொடுக்க, தயாரிப்பாளர் அதைப் படத்தோடு சேர்த்துக்கொள்வார். படத்தின் கதை அழுதுவடிந்தாலும் 'என்.எஸ்.கே. - மதுரம் இருக்கிறார்கள்' என்ற ஒரு வரியை நம்பி விநியோகஸ்தர்கள் வாங்கினார்கள்.

சிரிப்புக்கு நடுவே விஷயமும் சொன்னார். குடி, மூடநம்பிக்கை, சாதி, கடன் வாங்கிக் கல்யாணம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. யாரையும் புண்படுத்தாமல் குத்தத் தெரிந்தவர். திட்டு வாங்கியவனும் சேர்ந்து சிரிப்பான். 'அம்பிகாபதி', 'ஹரிதாஸ்' என்று எம்.கே.தியாகராஜ பாகவதரின் பெரிய வெற்றிப் படங்களிலும் இந்த ஜோடி இருந்தது. 1940-களின் முதல் பாதியில் தமிழ்நாட்டில் நன்றாகச் சம்பாதித்த கலைஞர்களின் வரிசையில் கிருஷ்ணனுக்கு இடம் உண்டு. நாகர்கோவிலில் மாடி வீடு எழும்பியது. அதன் பெயர் 'மதுர பவனம்'.

அந்தப் பெயருக்கு உரியவரைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது.

மதுரம் போட்ட முதல்

திருவரங்கத்துப் பெண்ணான டி.ஏ.மதுரத்தை 1936-ல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போன சமயத்தில் கிருஷ்ணன் சந்தித்தார். அங்கே கம்பெனியிடமிருந்து பணம் வருவது தடைப்பட்டு, குழுவினர் சாப்பாட்டுக்கே திண்டாடினார்களாம். அதிகம் பழக்கமில்லாத மதுரத்திடம் கிருஷ்ணன் கேட்க, அவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாராம். அந்தப் பணத்தில் அத்தனை பேருக்கும் சாப்பாடு நடந்தது என்று அந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் சொல்லி வந்த கதை இது.

கதையை நன்றாகக் கவனியுங்கள். கொடை வள்ளல் என்று நாம் கொண்டாடும் மனிதரின் முதல் பெரிய தர்மம், ஒரு பெண்ணின் கைப்பணத்தில் நடந்திருக்கிறது!

புனேயில் தொடங்கிய நட்பு கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணன் ஏற்கெனவே திருமணமானவர் என்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. கோபம் வந்தது, நியாயமும் இருந்தது. ஆனாலும் பிரியவில்லை. திரையில் கணவனுக்குச் சரிக்குச் சரி வாயாடி, அவரை மடக்கிக் கைதட்டல் வாங்கிய மதுரம், வீட்டில் அவருடைய கணக்கு வழக்குகளுக்கெல்லாம் தாங்குகட்டையாக நின்றார்.

செலவு

கிருஷ்ணன் எப்படிச் செலவு செய்தார் என்பதற்குக் கதைகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் ரசீது கிடையாது. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி ஊரே ஒரே மாதிரிக் கதை சொல்கிறது என்றால், அவர் சுபாவம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வருமான வரி அதிகாரியின் கதை அதில் பிரபலம். கிருஷ்ணனின் கணக்கில் எங்கே பார்த்தாலும் 'தர்மம்', 'தர்மம்' என்றே எழுதியிருக்கிறது. இது பொய்க் கணக்கு என்று அதிகாரிக்குச் சந்தேகம். ஏழை மாதிரிப் பேசி, மகள் கல்யாணத்துக்கு உதவ வேண்டும் என்று கிருஷ்ணனிடம் கேட்டுப் பார்க்கிறார். யார், எந்த ஊர் என்றுகூட விசாரிக்காமல் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் கிருஷ்ணன். அதிகாரிக்கு வாயடைத்துப் போகிறது.

திருடன் கதையும் உண்டு. இரவில் வீடு புகுந்தவனைப் பார்த்து மதுரம் அலற, கிருஷ்ணன் பதறவே இல்லை. அவன் தன்னோடு நாடகத்தில் நடித்தவன் என்று மனைவியிடம் சொல்லி, இலை போட்டுச் சோறு போடச் சொன்னாராம். சோறு போட்டவர் யார்? மதுரம்தான்.

கதைகள் இருக்கட்டும், கண்ணால் பார்க்கக்கூடிய செலவும் இருக்கிறது. காந்தி மறைந்த பிறகு நாகர்கோவிலில் நகராட்சிப் பூங்காவில் காந்தி நினைவுத் தூணைத் தன் சொந்தப் பணத்தில் எழுப்பினார்.

மனிதர்களுக்காகவும் செலவழித்தார். திருநெல்வேலிப் பக்கம் இளைஞராக இருந்த சுப்பு ஆறுமுகத்தின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, சென்னைக்கு அழைத்துக்கொண்டு வந்து வளர்த்துவிட்டவர் கிருஷ்ணன். சுப்பு ஆறுமுகம் தொண்ணூறு வயதைத் தாண்டியும் வில்லுப்பாட்டை விடாமல், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கிருஷ்ணன் போட்ட முதல், அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வட்டி கொடுத்திருக்கிறது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் புரண்ட கணக்கு

1944 நவம்பரில் சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிப் பலரைக் கலங்கடித்தவர் அவர். டிசம்பரில் தியாகராஜ பாகவதரையும் கிருஷ்ணனையும் போலீஸ் கைது செய்தது. பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகிக் கொட்டகைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. திரையில் பார்த்துச் சிரித்த முகங்கள் கோர்ட்டுக் கூண்டில் நின்றன. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட மேல்முறையீடு தோற்றது. மிச்சமிருந்த கதவு லண்டன் பிரிவி கவுன்சில் மட்டும்தான். கடல் தாண்டி வழக்கு நடத்துவது அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவு. வக்கீல்கள், தட்டச்சு செய்த கட்டுக்கட்டான ஆவணங்கள், தந்திகள், பயணங்கள்... ஆனால் சம்பாதிக்கும் ஆளோ ஜெயிலில்.

மதுரம் அழுதுகொண்டு உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணை நிற்க, என்.எஸ்.கே. நாடக சபா மேடை ஏறியது. 'பைத்தியக்காரன்' போன்ற நாடகங்கள் நடந்தன. டிக்கெட் காசு வழக்குக்குப் போனது. கணவன் கம்பிக்குள் இருக்க, வெளியே முகத்தில் அரிதாரம் பூசி நடிப்பது எப்படி இருந்திருக்கும்? குழுவுக்குள் பிணக்குகளும் வந்தன, சிலர் பிரிந்து போனார்கள். பிரிந்துபோய்த் தனிக் குழு தொடங்கிய கே.ஆர்.ராமசாமியும் அதற்கு 'கிருஷ்ணன் நாடக சபா' என்றுதான் பெயர் வைத்தார். சண்டையிலும் அந்தப் பெயர் மேல் இருந்த மரியாதை போகவில்லை பாருங்கள்.

பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. இரண்டே கால் ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தாகிவிட்டது. வயது முப்பத்தெட்டு. ஒரு நடிகனின் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த வருடங்களைத்தான் காட்டுவோம். அந்த இழப்புக்கு எந்தக் கோர்ட்டும் நஷ்ட ஈடு தரவில்லை.

பாகவதர் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை. தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று ஊர் பேசிய மனிதர், எடுத்த படங்கள் ஓடாமல், உடம்பும் கெட்டு, 1959-ல் மறைந்தார்.

இரண்டாவது வரவு, பழைய செலவு

கிருஷ்ணனுக்கோ மறுபடி ஒரு நல்ல காலம் வந்தது. வெளியே வந்த ஆண்டே 'பைத்தியக்காரன்' படமாக வெளியானது. அதில் அவருக்கும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. 'கலைவாணர்' பட்டம் கிடைத்தது. 1949-ல் சி.என்.அண்ணாதுரை எழுத 'நல்லதம்பி' வந்தது. திடீரென்று பெரும் சொத்துக்கு வாரிசாகும் ஒரு கிராமத்து மனிதன், அதை ஊருக்குப் பயன்படச் செய்யப் பார்க்கிற கதை. அமெரிக்கப் படம் ஒன்றின் தழுவல்தான், ஆனால் கிருஷ்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அதில் வந்த 'கிந்தனார்' கதாகாலட்சேபம், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை படித்து முன்னேறுவதைச் சொல்லித் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது.

1951-ல் அவரே இயக்கிய 'மணமகள்' நன்றாக ஓடியது. பத்மினிக்குத் தமிழில் பெயர் வாங்கிக் கொடுத்த படம். அடுத்த ஆண்டு அவர் இயக்கிய படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'பணம்'! சிவாஜி கணேசனின் ஆரம்பப் படங்களில் ஒன்று. வசனம் மு.கருணாநிதி. பணத்தைக் கையில் தங்கவிடாத மனிதர், பணத்தைப் பற்றியே படம் எடுத்திருக்கிறார்.

நடிகர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். ஆனால் செலவு முறை மட்டும் மாறவில்லை. ஜெயிலுக்கு முன்பு கை நிறைய வந்தபோது கொடுத்தது சரி. ஜெயிலுக்குப் பிறகு, வழக்கால் காலியான பெட்டியோடு அதே மாதிரி கொடுத்தார். வாய்ப்புகள் குறைந்த பிறகும் கொடுத்தார்.

கையிருப்பு

உடல்நலம் கெட்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் படுத்தார். பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தலையணைக்கு அடியில் பணக் கட்டை வைத்துவிட்டுப் போவாராம். கிருஷ்ணன் அவரிடம், கொடுப்பதைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால் வருகிறவர்களுக்குக் கொடுக்க வசதியாக இருக்குமே என்றாராம். கையில் ரொக்கமே இல்லாத நாளில் கல்யாண உதவி கேட்டு வந்தவருக்கு வீட்டு வெள்ளிக் கூஜாவைத் தூக்கிக் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

1957 ஆகஸ்ட் 30-ம் தேதி காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறையவில்லை. அவரும் மதுரமும் நடித்த 'அம்பிகாபதி'யின் புதிய பதிப்பு அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது? மதுரமும் பிள்ளைகளும் சிரமப்பட்டார்கள் என்பதுதான் உண்மை. 'மதுர பவனம்' கடனில் ஏலத்துக்கு வந்தபோது எம்.ஜி.ஆர். மீட்டுக் கொடுத்தார் என்று நாகர்கோவில்காரர்கள் இன்றும் சொல்வார்கள். குடும்பத்துக்கு அவர் உதவியதும் பலர் அறிந்ததே. மதுரம் கணவனுக்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து 1974-ல் மறைந்தார்.

இன்றைய பாணியில் 'சொத்து மதிப்பு' என்று போட்டால் கிட்டத்தட்டப் பூஜ்யம்தான் எழுத வேண்டும். ஆனால் 1969 பொங்கல் சமயத்தில் தியாகராய நகரில் அவருக்குச் சிலை திறந்தபோது, உடம்பு முடியாத நிலையிலும் முதலமைச்சர் அண்ணா வந்தார். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அண்ணாவும் மறைந்துவிட்டார். வாலாஜா சாலையில் அரசாங்கம் நடத்தும் அரங்கத்துக்கு 'கலைவாணர் அரங்கம்' என்று பெயர். கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாமல், தமிழ்நாடு சட்டமன்றமே 2020-ல் அங்கே போய்க் கூடியது. கொட்டகையில் சோடா விற்ற பையனின் பெயர் தாங்கிய கட்டிடத்தில் சட்டசபை!

இந்தக் கணக்கில் விடுபட்ட பெயர்

இங்கே நிறுத்திவிட்டால், 'பணம் போனாலும் புகழ் நிலைத்தது' என்று எல்லோரும் எழுதுகிற முடிவுரை ஆகிவிடும். எனக்கு அது முழுக் கணக்காகத் தெரியவில்லை.

கிருஷ்ணனின் வள்ளல்தனம் பெரிது. அவர் கொடுத்ததால் நடந்த கல்யாணங்கள், படித்த பிள்ளைகள், மேடை ஏறிய கலைஞர்கள் எத்தனையோ. ஆனால் அவர் கொடுத்தது அவர் பணத்தை மட்டுமல்ல. புனேயில் முதல் போட்டதும், வழக்குக்காக ஊர் ஊராக நாடகம் போட்டதும், திருடனுக்கும் விருந்தினருக்கும் இலை போட்டதும், கடைசியில் வெறும் பெட்டியோடு குடும்பம் நடத்தியதும் மதுரம். கொடுத்தவர் என்று பெயர் ஒருவருக்கு. கொடுத்ததன் பாரம் சுமந்தவர் இன்னொருவர். சிலையிலும் அரங்கத்திலும் அவர் பெயர் இல்லை.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம். சொந்தக்காரனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார் ஐயா. நண்பனுக்குக் கைமாற்றாக எடுத்துக் கொடுப்பார். 'தங்கமான மனுஷன்' என்று ஊர் சொல்லும். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் சமாதானம் சொல்வது அம்மா. கொடுப்பது தப்பே இல்லை. கொடுக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால், அந்தத் தர்மத்தில் இருவருக்கும் பங்கு கிடைக்கும். இருவரும் சேர்ந்து 'இவ்வளவு கொடுக்கலாம், இது வீட்டுக்கு' என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால், நாளைக்கு யாரும் ஏலத்தில் வீட்டைத் தேட வேண்டியதில்லை.

சினிமாக்காரர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நடிகர் தொழிலில் வருமானம் மழை மாதிரி. பெய்யும்போது கொட்டும், பிறகு பல வருடம் எட்டிப் பார்க்காது. ஓய்வூதியம் கிடையாது, வைப்புநிதி கிடையாது. கிருஷ்ணனுக்கு எம்.ஜி.ஆர். இருந்தார். எம்.ஜி.ஆர். இல்லாத மூத்த கலைஞர்கள், மருந்துச் செலவுக்கு வழியில்லாமல் உதவி கேட்டுக் காணொளியில் பேசுவதை இன்றைக்கும் பார்க்கிறோம். ஒரு நல்ல மனிதரின் தயவை நம்பித்தான் ஒரு கலைஞரின் முதுமை இருக்க வேண்டும் என்பது சரியான ஏற்பாடு அல்ல.

அடுத்த முறை சென்னையில் வாலாஜா சாலை வழியாகப் போகும்போது கலைவாணர் அரங்கத்தின் பெயர்ப் பலகை கண்ணில் படும். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள். மூன்றாவது வரியாக டி.ஏ.மதுரத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் கணக்கு நேராகும்.